சுரேந்திரநாதரின் பரீட்சைகள்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரில், எஸ்பிளனேடிலிருந்து மௌலாலி வரை கிழக்கு நோக்கிச் செல்லும் சாலைக்குச் சுரேந்திரநாத் பானர்ஜி சாலை என்று பெயர். சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒன்றும் இருக்கிறது. பிழைப்பின் பொருட்டு வங்க நாட்டுக்கு வந்து வேரூன்றிய நம் தமிழ்க் குடும்பத்தார் அச்சாலையில் எத்தனையோ முறை சென்று வந்திருப்பர். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், அவர் பட்ட பாடு யாது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மிற் சிலரே. நாம் வாழும் நாட்டின் பெரியோரை அறிந்து கொள்வது நம் கடமை. அன்றியும், அவர் வாழ்வில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போன்ற செய்தி ஒன்று உண்டு. அதனாலேயே இம்மலரில் அவர் வரலாற்றை எழுத முற்பட்டோம்.

சுரேந்திரநாதர் காங்கிரஸ் மகாசபையின் தலைவராக இருமுறை வீற்றிருந்தவர். நாவன்மை மிக்க பேச்சாளர். வங்கப் பிரிவினையை எதிர்த்து நின்றவர். இவையெல்லாம் பள்ளிப் புத்தகங்களில் உள்ளன. நாம் இங்குச் சொல்லப் புகுவது அவர் எழுதிய பரீட்சைகளைப் பற்றியும், அவற்றால் அவர் அடைந்த இன்னல்களைப் பற்றியும் ஆகும். நம் காலனியில் பரீட்சை இல்லாத வீடு எது? ஒரு வீட்டில் மருத்துவ நுழைவுத் தேர்வு. மற்றொரு வீட்டில் பொறியியல். வேறொரு வீட்டில் வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, மத்திய தேர்வாணையத்தின் ஆட்சிப் பணித் தேர்வு. பங்குனி பிறந்துவிட்டால் நள்ளிரவிலும் விளக்குகள் அணைவதில்லை. முடிவு வெளியான பின்னரோ சில வீடுகளில் கதவே திறப்பதில்லை. பிள்ளை வெளியே வர அஞ்சுகிறான். பெற்றோர் அடுத்த வீட்டாரைக் காண நாணுகின்றனர். அவ்வீடுகளை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சுரேந்திரநாதர் 1848-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் கல்கத்தாவில், ஆசாரம் மிக்க அந்தணர் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் துர்காசரண் பானர்ஜி மேனாட்டு மருத்துவம் பயின்ற புகழ் வாய்ந்த வைத்தியர். முற்போக்கு எண்ணம் உடையவர். பாட்டனாரோ பழைய வழக்கங்களினின்றும் வழுவாதவர். இவ்விரு காற்றும் ஒரே வீட்டில் வீசின. மகனுக்கு ஆங்கிலக் கல்வி அளிக்க வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். அவ்வாறே அவர் டவ்டன் கல்லூரியிற் பயின்று, 1868-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பி. ஏ. பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியாவை ஆண்ட உயர்ந்த உத்தியோகத்துக்கு இந்தியன் சிவில் சர்வீஸ் என்று பெயர். கம்பெனியாரின் தயவினால் கிடைத்து வந்த அவ்வுத்தியோகம், 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தால் போட்டிப் பரீட்சைக்கு உரியதாயிற்று. முதற் பரீட்சை 1855-இல் நடந்தது. யாவரும் எழுதலாம் என்பது சட்டம். ஆனால் பரீட்சை நடப்பது லண்டனில். பாடங்கள் ஆங்கிலப் பள்ளிகளின் போக்குக்கு ஏற்றவை. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள மதிப்பெண் சம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் இல்லை. வயது வரம்பும் முதலில் 23 ஆக இருந்து, பின்னர் 22 ஆகி, 1866-இல் 21 ஆகக் குறைந்தது. கதவு திறந்திருந்தது, வாயிற்படியோ கடல் கடந்து இருந்தது.

அக்கதவினுள் முதலில் நுழைந்த இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர். ரவீந்திரநாதரின் தமையனாராகிய அவர் 1863-இல் தேறினார். அவரோடு சென்ற மனமோகன் கோஷ் இருமுறை எழுதியும் தேறவில்லை. அவர் மனம் ஒடிந்து விடவில்லை. பாரிஸ்டராகித் தாயகம் மீண்டு, கல்கத்தாவின் தலைசிறந்த வழக்கறிஞர்களுள் ஒருவராக விளங்கினார். தேறினவரை உலகம் நினைவில் வைத்துக் கொள்கிறது. தேறாதவரும் நன்றாக வாழ்ந்தார் என்பதை நாம் நினைவில் வைத்துக் கொள்வது நலம்.

கப்பலேறிய மூவர்

1868-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் மூன்று இளைஞர்கள் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினர். ஒருவர் சுரேந்திரநாதர், மற்றிருவர் ரமேஷ் சந்திர தத்தரும் பிகாரிலால் குப்தரும் ஆவர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று ஊர் நம்பிய காலம் அது. தத்தரும் குப்தரும் வீட்டாருக்குச் சொல்லாமலே இரவோடிரவாகப் புறப்பட்டனர். சுரேந்திரநாதருக்குத் தந்தையாரின் ஆசி இருந்தது. ஆனால் தாயாருக்குச் செய்தியைக் கடைசி வரை மறைத்து வைத்திருந்தனர். புறப்படும் தறுவாயில் அதனைக் கேட்ட அன்னையார் மயங்கி வீழ்ந்தார் என்பர். சூயஸ் கால்வாய் அப்பொழுது திறக்கப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869 நவம்பரில். ஆகவே சூயஸ் துறையில் இறங்கி, அலெக்ஸாந்திரியா வரை ரயிலிற் சென்று, அங்கு வேறு கப்பல் ஏற வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை தாயின் மயக்கத்தையும் ஊராரின் தூற்றுதலையும் நெஞ்சிற் சுமந்துகொண்டு அவ்வழி சென்றான்.

லண்டனில் மூவரும் யூனிவர்சிட்டி கல்லூரியின் விரிவுரைகளைக் கேட்டும், தனியே ஆசிரியர்களிடம் பாடம் கேட்டும் ஓராண்டுக்கு மேல் உழைத்தனர். நாள் முழுதும் படிப்பு, இரவும் படிப்பு. 21 வயதுக்கு மேல் எழுத இயலாது ஆதலால், தவறினால் மீண்டும் முயல்வதற்குக் காலம் இல்லை. இன்று நம் நாட்டில் ஆட்சிப் பணித் தேர்வைப் பொதுப் பிரிவினர் 32 வயது வரை ஆறு முறை எழுதலாம். அவர்களுக்கோ கிட்டத்தட்ட ஒரே வாய்ப்பு. அதற்கும் தந்தையின் பணம் கப்பலில் ஏறி வர வேண்டும். அவ்விளைஞர்களின் நெஞ்சு எத்துணைப் பதைத்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

1869-ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூவரும் தேறினர். தத்தர் மூன்றாவது இடத்தைப் பெற்றார். பம்பாய்ப் பக்கத்தைச் சேர்ந்த ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் என்பவரும் அவ்வாண்டு தேறினார். ஒரே ஆண்டில் இந்தியர் நால்வர்! தாயகத்தில் மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் சுரேந்திரநாதரின் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

நடக்கும் வயதும் நிறைந்த வயதும்

நம் பாட்டிமார் ஒரு பிள்ளையின் வயதைக் கேட்டால் எவ்வாறு சொல்வர்? பதினைந்து முடிந்து பதினாறு நடக்கிறது என்பர். சிலர் சுருக்கமாகப் பதினாறு என்றே சொல்லி விடுவர். வங்காளத்திலும் இதே வழக்கம். 1863-ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குச் சென்ற சுரேந்திரநாதருக்குப் பதினைந்து நிறைந்து பதினாறாம் ஆண்டு நடந்து கொண்டிருந்தது. ஆகவே அவர் வயது 16 என்று பதிவாயிற்று. இங்கிலாந்திலோ நிறைந்த ஆண்டுகளை மட்டுமே வயதாகக் கொள்வர். அக்கணக்கின்படி 1863-இல் 16 நிறைந்தவருக்கு 1869-இல் 21 நிறைந்து விடுகிறது! உண்மையில் 1848 நவம்பரில் பிறந்தவருக்கு 1869-இன் வேனிற் பருவத்தில் 20 தான் நிறைந்திருந்தது. எனினும் பரீட்சையை நடத்திய சிவில் சர்வீஸ் கமிஷனர்கள் பல்கலைக்கழகத்தின் பதிவையே சான்றாகக் கொண்டனர். சுரேந்திரநாதரும் தாக்கூரும் வயது கடந்தவர்கள் என்று கூறி, அவ்விருவர் பெயரையும் தேறியவர் பட்டியலினின்றும் நீக்கி விட்டனர்.

சான்றிதழில் உள்ள ஓர் எண் மனிதனின் எதிர்காலத்தை எவ்வாறு கவிழ்க்கும் என்பதை, நம்மைப் போல் அலுவலகத்தில் சர்வீஸ் புத்தகங்களைப் புரட்டுவோர் நன்கு அறிவர். படித்தது மறக்கவில்லை, எழுதியது தவறவில்லை, மதிப்பெண் குறையவில்லை. இருந்தும் பெற்றது கையை விட்டுப் போயிற்று. சோம்பலால் வரும் தோல்வியைக் காட்டிலும் இத்தகைய தோல்வி மனத்தை மிகுதியாக வருத்தும். தன்மேற் பிழை இல்லாதபோது மனம் யாரை நோவது?

சுரேந்திரநாதர் செய்தது யாது? அவர் அறையிற் புகுந்து கதவைத் தாழிட்டுக் கொள்ளவில்லை. தமக்கு நேர்ந்ததை நண்பர்களிடமும் மூத்தோரிடமும் எடுத்துரைத்தார். லண்டனில் இருந்த இந்திய அன்பர்கள் துணை நின்றனர். கல்கத்தாவில் பெரியோர் பலர், இந்தியாவில் வயதைக் கணக்கிடும் முறை இன்னது என்று எழுத்து மூலம் உறுதி கூறி அனுப்பினர். கமிஷனர்கள் தம் கடமையைச் செய்யுமாறு கட்டளையிட வேண்டும் என்று அரசியாரின் உயர்நீதி மன்றமாகிய குவீன்ஸ் பெஞ்சில் மனு தாக்கல் ஆயிற்று. நீதிபதிகளின் போக்கு மனுதாரருக்கு அனுகூலமாக இருக்கக் கண்ட கமிஷனர்கள், மேலும் வழக்காடாமல் இருவர் பெயரையும் மீண்டும் பட்டியலிற் சேர்த்தனர்.

வெற்றி கிட்டியது, ஆயினும் அதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. தேறியவர்கள் மேலும் இரண்டாண்டு லண்டனில் தங்கி, இந்தியச் சட்டங்கள், மொழிகள், வரலாறு முதலியவற்றைப் பயின்று, இடையிடையே பரீட்சை எழுதி, முடிவான பரீட்சையிலும் தேற வேண்டும் என்பது விதி. வழக்கு நடந்த மாதங்களில் தோழர்கள் முன்னேறிச் சென்று விட்டனர். சுரேந்திரநாதர் பின்தங்கினார். இந்நிலையில் 1870-இல் இந்தியாவிலிருந்து பேரிடி போன்ற செய்தி வந்தது. தந்தையார் துர்காசரணர் மறைந்தார். ஊர் எதிர்த்தபோதும் மகனை அனுப்பி வைத்தவர், அவன் உத்தியோகத்துடன் திரும்பி வருவதைக் காணாமலே கண் மூடினார். ஈமக் கடன் செய்யவும் மகன் அருகில் இல்லை.

தொலைவில் வேலை பார்க்கும் நமக்கு இத்துயரம் புதிதன்று. ஊரிலிருந்து செய்தி வந்து, ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து விட்ட அனுபவம் நம் காலனியிற் பலருக்கும் உண்டு. சுரேந்திரநாதருக்கோ ரயிலேறிப் போகவும் வழி இல்லை. அவர் துயரத்தை அடக்கிக் கொண்டு படிப்பைத் தொடர்ந்தார். 1871-இல் முடிவான பரீட்சையில் தத்தர், குப்தர் ஆகியோருடன் தாமும் தேறினார். ஒன்றாகக் கப்பலேறிய மூவரும் ஒன்றாகவே நாடு திரும்பினர்.

பெற்றதும் இழந்ததும்

கதை இங்கே முடிந்திருந்தால், முயன்றால் வெற்றி கிட்டும் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்து விடலாம். அவர் வாழ்வு அவ்வாறு அமையவில்லை. இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் என்னும் ஊரில் உதவி மாஜிஸ்திரேட்டாக அவர் பணி ஏற்றார். இரண்டாண்டுக்குள் ஒரு வழக்கின் பதிவேட்டிற் பிழை ஏற்பட்டது. படகுத் திருட்டு வழக்கு ஒன்றில் தலைமறைவாகாத ஒருவனைத் தலைமறைவானவர் பட்டியலிற் சேர்த்த தாளில் அவர் கையொப்பம் இருந்தது. குமாஸ்தா கொண்டு வந்த தாள்களுள் ஒன்றாக அது கையொப்பமாயிற்று. கவனக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்டிப்போடு விட வேண்டிய பிழைக்கு விசாரணைக் குழு அமைந்தது. 1874-இல் அவர் உத்தியோகத்தினின்றும் நீக்கப் பெற்றார். மாதம் ஐம்பது ரூபாய் இரக்கத் தொகையாக விதிக்கப் பெற்றது. பிழைக்கும் தண்டனைக்கும் பொருத்தம் இல்லை என்றும், ஆங்கிலேயர் ஒருவர் அதே பிழையைச் செய்திருந்தால் வேலை போயிராது என்றும் அக்காலத்து இந்தியர் பலரும் கருதினர்.

மேல் முறையீடு செய்ய அவர் மீண்டும் லண்டன் சென்றார், பயன் இல்லை. பாரிஸ்டராகலாம் என்று எண்ணினார். உத்தியோகத்தினின்றும் நீக்கப் பெற்றவர் என்ற காரணத்தால் அதற்கும் அனுமதி மறுக்கப் பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. பரீட்சையால் வந்த வேலை போயிற்று. வேறு தொழிலுக்கான வாயிலும் அடைபட்டது. தாயகத்தில் அவர் பெயருக்குக் களங்கம். நண்பர்களே அவர் வாழ்வு முடிந்ததென்று எண்ணினர்.

இந்த இடத்திற்றான் அவர் நமக்கு ஆசிரியராகிறார். லண்டனில் எஞ்சியிருந்த மாதங்களை அவர் வருந்திக் கழிக்கவில்லை. நாள்தோறும் காலை முதல் மாலை வரை நூல்களில் ஆழ்ந்தார். எட்மண்டு பர்க்கின் சொற்பொழிவுகளையும், இத்தாலிய நாட்டு மாஜினியின் வரலாற்றையும், ஆங்கில இலக்கியத்தையும் ஊன்றிக் கற்றார். அப்படிப்புக்கு முன்னே எந்தப் பரீட்சையும் இல்லை. பின்னே எந்த உத்தியோகமும் இல்லை. போட்டிப் பரீட்சைக்காகக் கைவந்த பழக்கம், அதாவது குறித்த நேரத்தில் அமர்ந்து குறித்ததைப் படித்து முடிக்கும் பழக்கம், அவரிடம் எஞ்சி நின்றது. உத்தியோகத்தைப் பறித்தவர்களால் அப்பழக்கத்தைப் பறிக்க இயலவில்லை.

ஆசிரியர் ஆனவர்

1875-இல் அவர் கல்கத்தா திரும்பினார். ஈசுவர சந்திர வித்தியாசாகரர் அவரை அழைத்துத் தம் மெட்ரோபாலிடன் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தினார். ஊரார் ஒதுக்கிய ஒருவரை அப்பெருமகனார் கைதூக்கி விட்டார். லண்டனில் தனிமையிற் கற்றதெல்லாம் இப்பொழுது வகுப்பில் பயன்பட்டது. பர்க்கும் மாஜினியும் வங்க மாணவர்களின் நாவில் வந்தனர். வகுப்பு முடிந்ததும் மாணவர் சங்கங்களில் அவர் பேசுவார். இளைஞர் கூட்டம் திரண்டு வரும்.

1876 ஜூலை 26-ஆம் நாள் ஆனந்த மோகன் போஸ் முதலியவர்களுடன் கூடி இந்தியன் அசோசியேஷன் என்னும் சபையை அவர் நிறுவினார். அன்றுதான் அவருடைய மகன் இறந்தான். துயரத்தை நெஞ்சில் தாங்கிக்கொண்டு மாலைக் கூட்டத்துக்கு அவர் சென்றார். இஃது யாவராலும் ஆகக்கூடிய செயல் என்று நாம் கூற மாட்டோம். யாவரும் செய்ய வேண்டும் என்றும் கூற மாட்டோம். அவர் செய்தார் என்று மட்டும் பதிவு செய்கிறோம்.

அச்சபைக்கு விரைவிலேயே பெரும்பணி ஒன்று காத்திருந்தது. சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு உரிய வயது வரம்பை 21-இலிருந்து 19 ஆகக் குறைக்க அரசாங்கம் 1876-இல் முடிவு செய்தது. பள்ளிப்படிப்பை முடித்த உடனே பதினேழு வயதிற் கடல் கடந்தால் அல்லாமல் இந்தியப் பிள்ளை அதனை எழுத இயலாது என்ற நிலை ஏற்பட்டது. வயதுக் கணக்கால் வதைபட்ட சுரேந்திரநாதரை விட இதன் கொடுமையை அறிந்தவர் யார்? 1877 மார்ச்சில் கல்கத்தா டவுன் ஹாலில் பெருங்கூட்டம் கூடியது. வரம்பை உயர்த்த வேண்டும், பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று கோரினர். பின்னர் அவர் ரயிலேறி அலகாபாத், கான்பூர், லக்னோ, டில்லி, லாகூர் என்று வடநாடெங்கும் சென்று பேசினார். அடுத்த குளிர்காலத்தில் பம்பாய், பூனா, சென்னை ஆகிய நகரங்களுக்கும் சென்றார். பல மாகாணத்தாரை ஒரே கோரிக்கையின் கீழ்த் திரட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று அது. காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு எட்டாண்டுக்கு முன்னரே, ஒரு பரீட்சையின் வயது வரம்பு இந்தியரை ஒன்றுகூட்டியது என்பது வியப்பன்றோ?

கோரிக்கையின் பயன் உடனே விளையவில்லை. வயது வரம்பு 1892-இல் 23 ஆக உயர்ந்தது. இந்திய மண்ணில் முதன்முதலாக அப்பரீட்சை நடந்தது 1922-இல், அலகாபாத்தில். சுரேந்திரநாதருக்கு அப்பொழுது வயது 73. தமக்கு இனிப் பயன்படாத ஒரு கதவைப் பிறர் பிள்ளைகளுக்காக நாற்பத்தைந்து ஆண்டுகள் தட்டியவர்களுள் அவர் ஒருவர்.

எஞ்சிய வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். பெங்காலி என்னும் ஆங்கிலப் பத்திரிகையை அவர் 1879 முதல் நடத்தினார். 1882-இல் ஒரு பள்ளியை ஏற்று நடத்தத் தொடங்கினார்; அது ரிப்பன் கல்லூரியாக வளர்ந்து, இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1883-இல் உயர்நீதி மன்றத்தை அவமதித்து எழுதியதாக இரண்டு மாதம் சிறை சென்றார். 1895-இல் பூனாவிலும், 1902-இல் ஆமதாபாத்திலும் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1905-இல் வங்கம் பிளவுபட்டபோது எதிர்ப்பை முன்நின்று நடத்தினார். 1911-இல் அப்பிளவு நீங்கியது. பிற்காலத்தில் அவருடைய மிதவாதம் இளைஞர்களுக்கு உவப்பாகவில்லை. 1921-இல் அமைச்சர் பதவி ஏற்றதைப் பலர் குறை கூறினர். 1923-ஆம் ஆண்டுத் தேர்தலில் டாக்டர் பிதான் சந்திர ராயிடம் தோல்வியுற்றார். அதன் பின் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டு, 1925 ஆகஸ்டு 6-ஆம் நாள் பாரக்பூரில் காலமானார்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, பரீட்சையின் முடிவு நம் கையில் இல்லை; படிப்பு மட்டுமே நம் கையில் உள்ளது. வினாத்தாளை வேறொருவர் அமைக்கிறார். விதியை வேறொருவர் வகுக்கிறார். இடங்களின் எண்ணிக்கையை வேறொருவர் தீர்மானிக்கிறார். பிறர் கையில் உள்ளதை எண்ணி இரவெல்லாம் விழித்திருப்பதால் பயன் இல்லை. இன்று எந்தப் பாடம், எத்தனை மணி நேரம் என்பது நம் கையில் உள்ளது. அதனை முடித்துவிட்டு உறங்குவதே அறிவுடைமை.

இரண்டாவது, தோல்வி வந்தால் அதன் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வயதுக் கணக்கில் சுரேந்திரநாதரிடம் பிழை இல்லை; ஆகவே அங்குப் போராடினார். சில்ஹெட்டில் கவனக் குறைவு இருந்தது. போராடியும் பயன் இல்லை எனக் கண்டபின் வேறு வழி நாடினார். எல்லாத் தோல்வியையும் தன்மேற் போட்டுக் கொண்டு மாய்வதும் தவறு. எல்லாவற்றையும் பிறர்மேற் சுமத்துவதும் தவறு.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சிறிய காரியம் ஒன்றுண்டு. பிறந்த தேதியும் பெயரும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று விண்ணப்பத்துக்கு முன்னரே சரிபார்த்துக் கொள்க. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதும் நம்மவருக்கு, குடும்பப் பெயர் கேட்கும் வடநாட்டுப் படிவங்களில் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் பதிவாகிவிடுவது உண்டு. ஓர் எண்ணால் சுரேந்திரநாதர் பட்ட பாட்டை ஓர் எழுத்தால் நம் பிள்ளைகள் பட வேண்டியதில்லை.

மூன்றாவது, துன்பத்தைத் தனியே சுமக்கலாகாது. நண்பர்களும் கல்கத்தாப் பெரியோரும் துணை நிற்காவிடில் குவீன்ஸ் பெஞ்சில் அவர் வழக்கு நின்றிராது. வித்தியாசாகரர் கை கொடுக்காவிடில் அவர் கல்லூரி வாயிலை மிதித்திருக்க மாட்டார். நம் காலனியிலும் படித்தவர் உளர். முன்னர்த் தோற்றுப் பின்னர் வேறு வழியில் முன்னேறியவர் பலர் உளர். மனம் கலங்கிய பிள்ளை அவர்களிடம் வந்து பேச வேண்டும். உறக்கமும் உணவும் கெடும் அளவுக்குக் கலக்கம் மிகுந்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. காய்ச்சலுக்குச் செல்வது போன்றதே அதுவும்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். துர்காசரணர் தம் மகனைக் கடல் கடந்து அனுப்பியபோது ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சவில்லை. நம்மிற் பலர், பிள்ளை தோற்றுவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றே முதலில் அஞ்சுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உணவு வேளையில் எடுத்துரைப்பதை இவ்வாண்டு முதல் நிறுத்துவோம். முடிவு வெளியாகும் நாளில், தேறிய பிள்ளையின் வீட்டுக்கு இனிப்பு உண்ணச் செல்லும் நாம், தேறாத பிள்ளையின் வீட்டுக்கும் சென்று, அடுத்து என்ன செய்யலாம் என்று உடன் அமர்ந்து பேசுவோமாக. சங்கம் என்ற சொல்லுக்குக் கூடியிருத்தல் என்றுதானே பொருள்!